செவ்வாய், வெள்ளி லீவு

டயாலிசிஸ் என்று உண்மையைச் சொல்லி நாலு வேலையைக் கோட்டைவிட்ட ஜெரால்டு, ஐந்தாவது இன்டர்வியூவில் சாமியைத் துணைக்கு இழுத்தான்.

“செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் லீவு வேணும் அண்ணாச்சி. அந்தோணியாருக்கு நேர்ச்சை.”

ஷிப்பிங் கம்பெனி முதலாளி ஆறுமுகநயினார் உருகிப்போனார்.

“சாமி காரியத்த எவம்ல தடுப்பான்? நானே அந்த ரெண்டு நாளும் முருகன பாக்கத் திருச்செந்தூர் போயிருவேன். திங்கக்கிழமையே வந்து சேந்துரு.”

வேலைக்காக ஆஸ்பத்திரியில் டயாலிசிஸைக் காலை ஷிப்டிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டான் ஜெரால்டு. செவ்வாயன்று கையில் ஊசி ஏறியதும், கண்ணை மூடி அந்தோணியாருக்கு நன்றி சொன்னான்.

“ஏலே, அந்தோணியார் இங்கனயா இருக்காரு?”

திடுக்கிட்டுத் திரும்பினான். பக்கத்துக் கட்டிலில், அதே ஊசியும் குழாயுமாக ஆறுமுகநயினார் படுத்திருந்தார்.

“ஆமா அண்ணாச்சி, முருகனுக்கு அடுத்த கட்டில்.”