எல்லையில் சிக்கிய பிடில்

"நகரிக்காரங்களுக்கு மட்டும் வாடகைக்குக் குடுக்கறதில்லண்ணா," என்றார் ரங்கையா. சுவரில் மாட்டியிருந்த பிடில்களுக்கும் கோவர்த்தனனுக்கும் நடுவில் அவர் வேலி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

திருப்பதியில் வாத்தியங்களை வாடகைக்கு விடும் கடை அது ஒன்றுதான். நகரியிலிருந்து காலை ரயிலில் தொங்கிக்கொண்டு வந்திருந்த கோவர்த்தனனுக்குச் சுருக்கென்றது.

"ஏன், நகரிக்காரன் பிடிலக் கடிச்சுத் துன்னுடுவானா?"

"அது இல்லண்ணா. உங்க ஊரு ஆந்திராவுலயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போவுமான்னு இன்னும் முடிவாவல. நாளைக்கே அந்தப் பக்கம் போயிடுச்சின்னா என் பிடிலும் கூடவே போயிடும். அப்புறம் நான் எந்த கவர்ன்மெண்ட்டப் போய்க் கேக்கறது?"

எல்லைத் தகராறில் நஞ்சை மாட்டியது, ஏரி மாட்டியது என்றெல்லாம் கோவர்த்தனன் கேள்விப்பட்டிருக்கிறான். பிடில் மாட்டியதாக இப்போதுதான் கேட்கிறான்.

"போன வருசம் ஆர்மோனியம் குடுத்தீங்களே ரங்கையாகாரு, அப்ப எங்க போச்சு இந்த எல்லை?"

ரங்கையா துண்டை எடுத்துத் தூசியே இல்லாத ஒரு வீணையைத் துடைக்க ஆரம்பித்தார்.

கோவர்த்தனனின் மகள் அலர்மேல்மங்கை படிக்கும் பள்ளிக்கூடத்தில் புதிதாக வாத்தியக் கோஷ்டி தொடங்கியிருந்தார்கள். ஆண்டுவிழாவில் பிடில் வாசிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் கையில் ஒரு பிடில் இல்லாவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். இது தெரிந்தும், கங்காதர நெல்லூரில் இருக்கும் மச்சான் குடும்பம் வரை ஆள் விட்டு விழாவுக்கு அழைத்து வைத்திருந்தான் கோவர்த்தனன்.

பெண்ணுக்கோ கவலையே இல்லை. "அதெல்லாம் கெடைக்கும் நைனா, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். மனைவி ருக்மணி, கோயில் தாயாரிடம் வேண்டிக்கொண்டு வருகிறேன் என்று முந்தாநாள் திருப்பதிக்குப் பக்கத்திலிருக்கும் திருச்சானூர் போய் வந்ததோடு சரி. பெற்ற கடமை தன் ஒருவன் தலையில்தான் என்று நொந்துகொண்டு, பிண்ணாக்கு வாங்கப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"சரி, வாடகையே வேணாம். வெலைக்குக் குடுங்க."

ரங்கையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெலைக்கா? ஐயையோ, அது இன்னும் கஷ்டமண்ணா."

"இன்னா கஷ்டம்?"

"எல்லையில... சுங்கம் போடுவாங்களாமே," என்று இழுத்தார்.

"போட்டா நான் கட்டறேன். மொதல்ல பிடிலு நல்லதான்னு பாக்கணும்." ரங்கையா தடுப்பதற்குள் கோவர்த்தனன் ஒன்றை எட்டி எடுத்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வில்லை இழுத்தான். மோகனம் என்று நினைத்துத்தான் இழுத்தான்.

தம்பூரா விலை கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். சங்கீதம் சிலரை அப்படி உருக்கிவிடும் என்று கோவர்த்தனன் எண்ணிக்கொண்டான்.

"வில்லுதான் கொஞ்சம் சரியில்ல," என்றவன், பிடிலை மடியிலிருந்து இறக்காமலே ரங்கையாவை ஏறிட்டுப் பார்த்தான். அதுவரை இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

"எல்லாப் புள்ளைங்களும் வாத்தியத்தோட மேடையில உக்காந்துக்கினு இருக்கும். எம்பொண்ணு மட்டும் வெறுங்கையோட கீழ நின்னு பாக்கணுமா? எல்லைக் கோடு போட்டது அவளா? நீங்களே சொல்லுங்க."

பெண்ணைப் பெற்றவர்தான் ரங்கையாவும். மனசு கேட்கவில்லை. ஆனாலும் முதல் காரியமாக அவன் மடியிலிருந்த பிடிலை மெதுவாக வாங்கி, எட்டாத உயரத்தில் மாட்டினார். பிறகுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. உங்க பொண்ணுக்குப் பிடிலு போயிடுச்சி. முந்தாநாளே ருக்மணி அண்ணி வந்து, கடையில இருக்கறதுலயே நல்லதாப் பாத்து வாடகைக்கு எடுத்துக்கினு போனாங்க."

"எங்க வூட்ல பிடிலே இல்லியே?"

"வூட்ல எதுக்கு இருக்கும்? ஸ்கூல்ல, பாட்டு டீச்சர் பீரோவுல வெச்சுப் பூட்டிடறேன்னு அண்ணி சொன்னாங்க. பாப்பா அங்கயே வாசிச்சிட்டு அங்கயே வெச்சிட்டு வருமாம். நல்லா வாசிக்குதாம்."

கோவர்த்தனனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மகள் மேடையில் உட்கார்ந்திருப்பதை இங்கிருந்தே பார்த்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் சந்தேகம் வந்தது.

"அப்ப எதுக்கு எல்லை, சுங்கம்னு எங்கிட்டக் கதை விட்டீங்க?"

"நீங்க தேடிக்கினு வந்தா சொல்லச் சொல்லி எல்லைக் கதைய அண்ணிதான் சொல்லிக் குடுத்தாங்க. சுங்கம் மட்டும் நான் சேத்தது."

"எதுக்குன்னுதான் கேக்கறேன்."

ரங்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

"பிடிலு வூட்டுக்கு வந்தா நீங்க வாசிப்பீங்களாமே."