வேகத்தடைக்குப் பின் எடுத்த கணக்கு

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை கேட்டு மனு எழுதியது எங்கள் குழந்தைகள் மருத்துவமனையின் விபத்துத் தடுப்புப் பிரிவு. "இன்னும் ஒரு மாச விபத்துக் கணக்கு சேத்துக் குடுத்தாதான் எடுபடும்" என்று சொல்லி மனுவை நிறுத்தி வைத்தவள் நான். அந்த மாதத்தில்தான் அந்தப் பள்ளியில் படித்த வாலு அங்கே லாரியில் அடிபட்டு இறந்தாள். வாலு என்பது அவள் அம்மா கூப்பிடும் பெயர். அடுத்த இரண்டே வாரத்தில் வேகத்தடை வந்துவிட்டது.

அதனால் பலன் உண்டா என்று பார்க்க, இப்போது தினமும் காலையில் சாலையைக் கடக்கும் பிள்ளைகளை எண்ணுகிறேன். எல்லாப் பிள்ளைகளும் சாலையைக் கடந்துதான் பள்ளிக்குள் போக வேண்டும். பிள்ளைக்கு ஒரு முறை, எண்ணும் கைக்கருவியை அழுத்த வேண்டும். மணி அடித்ததும் பள்ளி தரும் வருகைக் கணக்கைவிடக் கருவியில் ஒன்று கூடுதலாகவே இருக்கும். கருவியை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

வாலுவின் அம்மா இன்னமும் பள்ளி வாசல் வரை வருவார்.

"இன்னைக்கும் ஒண்ணு கூடவாங்க?"

"ஆமாங்க."

"கடைசியாத்தான் வந்திருப்பா. செருப்பைத் தேடவே அவளுக்கு நேரம் போயிடும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்.

அறிக்கை அனுப்பும் நாள் வந்தது. பொருந்தாத எண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள். எல்லா நாளிலும் ஒன்றைக் கழித்து, 'எண்ணியதில் பிழை' என்று அடியில் குறித்து அனுப்பினேன்.

மறுநாள் கணக்கு சரியாக இருந்தது. கேட்டைப் பூட்டிவிட்டார்கள். நான் கருவியைப் பைக்குள் வைத்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றார் வாலுவின் அம்மா. "செருப்பைத் தேடிட்டிருப்பா."