எண்பதுக்கு மேலே

"கூடப் பிறந்த தம்பிகிட்டயே கமிஷனா? வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க!"

கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்திலேயே மனைவியின் கோபம் தெரிந்தது.

"கமிஷன் இல்லைடி, கூலி. உன் தம்பி அவன் வாயாலயே சொன்னது" என்றார் அச்சகக்காரர்.

தம்பி வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு போன மாதம்தான் ஊரோடு வந்திருந்தான். அங்கே காரையும் சாமான்களையும் விற்ற வகையில் இருபதாயிரம் டாலர், நோட்டாகவே கையில் இருந்தது; அதை ரூபாயாக மாற்ற வேண்டும்.

"ஆமாக்கா, நான்தான் சொன்னேன். எனக்குப் பேரம் பேசவே வராது. கடைக்காரன் சொன்ன ரேட்டுக்குத் தலையாட்டிட்டு வந்துடுவேன். டாலருக்கு எண்பது வந்தா எனக்குப் போதும். அதுக்கு மேல வர்றது மாமாவோட அலைச்சலுக்கு."

"நீ சொல்லுவேடா. வாங்கிக்கறவங்களுக்கு எங்கே போச்சு புத்தி?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "அச்சகத்தை மூடி நாலு மாசமாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் முப்பதாயிரம் கட்டணும். எல்லாம் சரி. அதுக்காக இவன் தலையிலயா கை வைக்கணும்? இவன் வந்த அன்னிக்குப் பாசமா நீட்டின கவரை வாசல்லயே திருப்பிக் கொடுத்தீங்களே, அந்த ரோஷம் எங்கே?"

"அது சும்மா வர்ற பணம். இது உழைச்சு வாங்கற பணம்."

அவர் டாலர் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"மாமா, மருந்துக் கடையை ஒட்டின மாதிரி ஒருத்தர் இருக்காராம். அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க" என்றான் தம்பி.

பேரமே தெரியாதவன் சொன்ன கடை எந்த லட்சணத்தில் இருக்கும்? அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

முதல் கடையில் எழுபத்தொன்பதே முக்கால். இரண்டாவதில் எண்பது. மூன்றாவதில் நாற்பது நிமிஷம் வாதாடியும் எண்பது பத்துக்கு மேல் நகரவில்லை. வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் மருந்துக் கடை பக்கம் நடந்தார்.

அங்கேயும் போர்டில் எண்பது பத்துதான்.

"போர்டுல இருக்கறது வழியில போறவங்களுக்கு. இருபதாயிரத்தோட வந்திருக்கற எனக்கு என்ன ரேட்டு?"

கடைக்காரர் யோசித்தார். "எண்பதரை."

அச்சகக்காரர் எழுந்தார்.

"உட்காருங்க சார். சரி, எண்பத்தொண்ணு."

"எதிர்க் கடையில எண்பத்தொண்ணரைக்குக் கேட்டாங்க" என்று கூசாமல் அடித்துவிட்டார். எதிரே இருந்தது சலூன்.

கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எண்பத்தொண்ணரையே வெச்சுக்கங்க. இதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

பையை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "அறுபது காசுன்னு முடிங்க. பத்துக் காசுல உங்களுக்கு என்ன குடியா முழுகிடப் போகுது?"

கடைக்காரர் கால்குலேட்டரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி கட்டுகளை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மேஜைமேல் பணத்தை அடுக்கினார்.

"இந்தா மாப்ளே, உனக்குப் பதினாறு லட்சம். எனக்கு முப்பத்திரண்டாயிரம். ஊர்ல எவனும் இந்த ரேட்டு வாங்கியிருக்க மாட்டான்!"

"நான் போயிருந்தா எண்பதே வந்திருக்காது மாமா" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான் தம்பி.

"முழுசாவா எடுத்துக்கறீங்க? ஒரு பேச்சுக்காவது பாதியை அவன்கிட்ட நீட்டக் கூடாதா?"

"எதுக்கு? நாலு கடை ஏறி இறங்கினது யாரு?"

அவர் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். நாலு மாதமாகக் கொடியில் கிடப்பதை இழுத்து மாட்டிக்கொண்டிருந்த மனிதர், இன்று கண்ணாடி முன் நின்று தலை வாரினார். ஃபீஸ் பணத்தை உள்பையில் வைத்து இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டு, மகளின் காலேஜுக்குக் கிளம்பினார்.

'கொஞ்சமாவது வெட்கம் இருக்கா பாரு' என்று அவள் முணுமுணுத்தாள்.

மேஜைமேல் இருந்த தம்பியின் போன் அடித்தது.

"தம்பி குளிக்கிறான். நான் அவன் அக்கா பேசறேன். என்ன விஷயம்?"

"மருந்துக் கடை பக்கத்துல பணம் மாத்தற கடையிலேர்ந்தும்மா. உங்க தம்பி நேத்தே வந்து, 'எங்க மாமா வருவார், எண்பத்தொண்ணரை வரைக்கும் விட்டுக் கொடுங்க, உங்க ரேட்டுக்கு மேல ஆகறதை நான் தந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனார். மனுஷன் எங்கே விட்டார், அறுபதுக்கு இழுத்துட்டார்! அந்தப் பத்துக் காசையும் சேர்த்து அனுப்பச் சொல்லிடுங்கம்மா."