சபீனாவின் ஸ்டூல்

சாலைக் கடைத்தெருவின் துணிக்கடைக்குள் மாலை வெயில் சேலை அடுக்குகள்மேல் சாய்கிறது. போலியோ தாக்கிய காலில் இரும்புக் காலிப்பர் மாட்டிய சபீனா, கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டுச் சேலையை மடிக்கிறாள். மேற்பார்வையாளர் அஜீஷ் வந்து குனிகிறார். “எழும்பு. நீ ஸ்டூல்ல இருக்கறத முதலாளி கண்டா எனக்காக்கும் ஏச்சு.” “கடையில வேல செய்யறவங்க ஸ்டூல்ல இருக்கலாம்னு சட்டம் உண்டு சாரே.” “சட்டமா வந்து சேல விக்குது?” அவர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போகிறார். சபீனா கவுண்டரைப் பிடித்தபடி நிற்கிறாள். பாரத்தை நல்ல காலுக்கு மாற்றுகிறாள். பிறகு இரண்டு கைகளையும் ஊன்றி எம்பி, விரித்த சேலைகளுக்கு நடுவே கவுண்டர்மேலேயே உட்கார்ந்துவிடுகிறாள். இதுவரை மறைந்திருந்த காலிப்பர் வெயிலில் மின்னுகிறது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு முதலாளி வருகிறார். “வாங்க முதலாளி” என்கிறாள், இறங்காமல்.