மௌனப் பந்தி

"மூணு நாளைக்கு யாரும் யார்கிட்டயும் பேசக் கூடாது. சாப்பாட்டு நேரத்துலயும்தான்" என்றார் தியானத்தை நடத்திய ஃபாதர்.

வில்லியமுக்கு அதில் சிரமமே இல்லை. இரண்டு பேருக்கு ஒரு மேசை. அவருக்கு எதிரே உட்கார வைக்கப்பட்டவன் டெஸ்மண்ட், சொந்தத் தம்பி. பல வருஷத்துக்கு முன் அம்மாவை அடக்கம் செய்த அன்று வார்த்தை தடித்துப் போனது. அதோடு பேச்சு நின்றது. ஒரே தீவில்தான் வீடு, அண்ணனுக்கு ஜெலுத்தோங்கில், தம்பிக்குப் பாயான் பாருவில். கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பாலிக் புலாவ் தியான இல்லத்துக்கு அவனும் வருவான் என்று தெரிந்திருந்தால் வில்லியம் பெயரே கொடுத்திருக்க மாட்டார்.

முதல் வேளையிலேயே எரிச்சல் தொடங்கியது. கிண்ணங்கள் வந்ததும் டெஸ்மண்ட் முந்திக்கொண்டான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டான். பருப்பையும் கோழியையும் அண்ணன் பக்கம் தள்ளினான். பயற்றங்காய்ப் பிரட்டலை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

மறுநாள் வறுத்த மீ நூடுல்ஸும் அப்படியே தம்பி பக்கம் போனது.

"மனசைச் சோதிச்சுப் பாருங்க. யாரை இன்னும் மன்னிக்க முடியல?" என்று கோயிலில் ஃபாதர் மெல்லக் கேட்டார். கண்ணை மூடிய வில்லியமுக்குக் கிண்ணம்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஃபாதரைத் தனியாகப் பார்க்கும் முறை வந்தது. அங்கே மட்டும் பேசலாம்.

"நான் அவனை மன்னிச்சிட்டேன் ஃபாதர். பழசெல்லாம் மறந்தாச்சு. ஆனா அவன் மாறலையே. கூடப் பொறந்தவன் எதிர்ல உட்கார்ந்திருக்கேன், வேளைக்கு ஒரு கிண்ணத்தை இழுத்துக்கிட்டு அதுல ஒரு வாய் எனக்கு விடமாட்டேங்கிறான்."

"ஏன்னு அவர்கிட்டயே கேளுங்களேன்."

"பேசக் கூடாதுன்னீங்க?"

"நாளைக்கு மத்தியானம் பேசலாம்."

வில்லியம் எழுந்து வந்தார்.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன் ஃபாதர் மௌனத்தை முடித்து வைத்தார். கூடம் முழுக்கப் பேச்சும் சிரிப்பும் எழுந்தன. அண்ணன் தம்பி மேசை மட்டும் அப்படியே இருந்தது.

கிண்ணங்கள் வந்தன. டெஸ்மண்ட் வழக்கம்போல் எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்த்தான். கத்தரிக்காயை இழுத்தான். வில்லியம் எட்டிக் கிண்ணத்தைப் பிடித்தார்.

"ஏன், நான் சாப்பிட்டா ஆகாதா?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

டெஸ்மண்ட் கிண்ணத்தை விடவில்லை.

"ஆகாதுண்ணே. இதுல காஞ்ச எறால் போட்டிருக்காங்க. எறால் பட்டா உங்களுக்கு மூச்சு அடைச்சிக்கும்ல?"

வில்லியம் கிண்ணத்துக்குள் பார்த்தார். பிடி தானாகத் தளர்ந்தது.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி."

"அரைச்சுப் போட்டா எங்க தெரியும் லா? அதான் மூணு நாளா நான் ருசி பார்த்துட்டு உங்க பக்கம் தள்ளுறேன்."