மேற்கு வரப்பு

மூன்று பக்கமும் தூவி முடித்தாகிவிட்டது. மேற்கு வரப்பு மட்டும் பாக்கி.

பன்றிகள் மலையிலிருந்து இறங்குவது அந்தப் பக்கம்தான்.

சலூனில் கேட்டு வாங்கி வந்த சாக்கு காலி. யார் யாருடைய தலைமுடியோ, கறுப்பும் நரையும் சாயம் போட்டதுமாக, வரப்பு மண்ணில் கிடந்தது. பன்றி மண்ணைக் கிளறி முகரும்போது முடி மூக்கில் ஏறும். எரிச்சல் தாங்காமல் திரும்பிவிடும்.

மக்காச்சோளம் பால் பிடித்து நின்றது. மனைவியை அடுத்த கீமோ ஊசிக்குக் கோயம்புத்தூர் கூட்டிப் போவது இந்தச் சோளத்தை நம்பித்தான்.

அவன் கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. காலையில் அவள் கொடுத்தது.

"ஏனுங்க, சலூன் முடி பத்தலைன்னீங்கல்ல. இதையும் போட்டுருங்க. எவ்வளவு நீளம் பாருங்க, பன்னிக்கு மூக்குல நல்லாச் சிக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தலையில் கட்டியிருந்த துண்டு நழுவியது. சரிசெய்துகொண்டாள்.

சீப்போடு வந்ததையெல்லாம் சுருட்டிச் சுருட்டி எடுத்து வைத்திருக்கிறாள். எங்கே வைத்திருந்தாள் என்பதே அவனுக்குத் தெரியாது.

நீளமுடி உதவாது. உருண்டு ஒரே இடத்தில் கிடக்கும். பொடிப்பொடியாக நறுக்கித்தான் தூவ வேண்டும். அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

வரப்பில் உட்கார்ந்தான். கத்தரிக்கோலை விரலில் மாட்டினான். ஒரு சுருளைப் பிரித்தான்.

அரப்புத் தேய்த்துக் குளித்த வாசம் இன்னும் போகவில்லை.

பெண் பார்க்கப் போன அன்று அவள் முகத்தை அவன் சரியாகப் பார்க்கவில்லை. காபித் தட்டோடு திரும்பி நடந்தபோது சடையைத்தான் பார்த்தான். வீட்டுக்கு வந்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

வெயில் இறங்கியது. ஓர் இழைகூட நறுக்கவில்லை.

கத்தரிக்கோலையும் உள்ளே வைத்துப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். வீட்டுக்குப் போய், போட்டாயிற்று என்று அவளிடம் சொன்னான்.

விடிந்தபோது மேற்கே பாதிச் சோளம் சாய்ந்து கிடந்தது. கடித்துத் துப்பிய கதிர்களில் பால் வடிந்தது.

பன்றிகளைத் திட்டக்கூட அவனால் முடியவில்லை.

அவள் வந்தாள். வரப்பு நெடுகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் உட்கார்ந்து விரலால் மண்ணை விலக்கினாள்.

ஒரு முடிகூட இல்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் கையை மட்டும் நீட்டினாள்.

இடுப்பிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தான்.

மறுபடி நீட்டினாள். கத்தரிக்கோலையும் கொடுத்தான்.

அங்கேயே மடியில் வைத்து நறுக்க ஆரம்பித்தாள். பொடிப்பொடியாக. யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மிச்சப் பாதி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

அவன் அவள் மடியிலிருந்து அள்ளி அள்ளி, மலையோரமாகத் தூவிக்கொண்டே போனான். உள்ளங்கை வியர்வையில் ஒட்டியதை மட்டும் தட்டிவிடவில்லை.