நாலாவது தடவை

ராஜகோபாலின் அறுபத்திரண்டாம் வருஷத்துக் கார் நாலாவது தடவையாக ஒர்க்ஷாப்புக்கு வந்திருந்தது. அதற்கு வேறு இன்ஜின் பொருத்தி, அதன் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டையும் கோணம் பார்த்து மாட்டிக் கொடுத்தவன் மெக்கானிக் ஜடையன்.

"ரிங் ரோட்டுல அறுபதைத் தொட்டாலே ஸ்டீரிங் நடுங்குது. ஷாஃப்ட்டைக் கோணலா மாட்டியிருக்கே," என்றார் ராஜகோபால்.

ஜடையன் காருக்கடியில் படுத்து அளந்தான். முன்னால் மூன்று டிகிரி, பின்னாலும் மூன்று. முடியளவு பிசகில்லை.

"கரெக்டா இருக்குதுங்க சார்."

"அப்ப நான் பொய் சொல்றேனா? இன்னிக்குச் சரியாகலைன்னா உனக்கு வேலை தெரியாதுன்னு கிளப்புல அத்தனை பேர்கிட்டயும் சொல்லிடுவேன்."

மைசூரில் அவனுக்குச் சோறு போடுவதே அந்தப் பழைய கார் கிளப்தான்.

ராஜகோபால் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் ஒரு டெம்போ உறுமிக்கொண்டிருந்தது.

"பாரு, இப்பக்கூட நடுங்குது."

ஜடையன் பார்த்தான். பிறகு தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கார் சாவி அதில்தான் இருந்தது. இன்ஜினை இன்னும் கிளப்பவே இல்லை; உறுமியது டெம்போதான்.

ஸ்டீரிங்கின் மேல் நடுங்கிக்கொண்டிருந்த அவருடைய கைகளைப் பார்த்தான்.

"ஆமாங்க சார், என் தப்புதான். ஷாஃப்ட் சரியா உக்காரல," என்றான். "வண்டி இங்கயே இருக்கட்டும். நீங்க ஆட்டோவுல போங்க."